லயத்து வாசலுக்கும் ஒளிக் கம்பி வரவேண்டும்!



கிள்ளான் வட்டாரத்திலுள்ள ஒரு தோட்டத்துக்கு அண்மையில் நாம் போயிருந்தோம். மாலை மணி ஏழு. பெரிய சாலையை ஒட்டியிருக்கும் முனீஸ்வரன் கோயில் மேடையில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் அல்லர். மடியில் பாடப் புத்தகம், கையில் கைப்பேசி. "ஏன் தம்பி, வீட்டில் உட்கார்ந்து படிக்கக் கூடாதா?" என்று ஒரு பையனைக் கேட்டோம். "லயத்துல லைன் கெடைக்காது அங்கிள். இங்கதான் ரெண்டு கோடாவது வரும்" என்றான்.

அங்கிருந்து அரை மைல் தூரத்தில் தோட்ட அலுவலகம் இருக்கிறது. அங்கே கண்ணாடி இழைக் கம்பி வந்து சேர்ந்துவிட்டது. கணக்கும் கடிதமும் கண் மூடித் திறப்பதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடுகின்றன. கிராணியாரின் மேசை வரை வந்த கம்பி, பால்வெட்டுத் தொழிலாளியின் வாசலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? வர முடியாதா? வரவிடவில்லையா? அல்லது, வரவேண்டும் என்று நாம் கேட்கவே இல்லையா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடவே இதை எழுதுகிறோம்.

கித்தாப் பாலும் கடல் கம்பியும்

கம்பிவழிச் செய்திக்கும் மலாயாக் காட்டுப் பாலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1877இல் இருபத்திரண்டு ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதற்கு வெகுகாலம் முன்பே இங்குள்ள காடுகளில் வேறொரு பால் மரம் ஓங்கி வளர்ந்திருந்தது. அதன் பாலுக்கு 'கெத்தா பெர்ச்சா' என்று பெயர். நாம் ரப்பரைக் 'கித்தா' என்று சொல்லுகிறோமே, அந்த மலாய்ச் சொல்தான் இந்தப் பெயரின் முதற்பாதி.

1843இல் சிங்கப்பூரிலிருந்த மான்ட்கமரி என்ற மருத்துவர் அந்தப் பாலின் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல் நீரில் கிடந்தாலும் கெடாது என்று கண்டார்கள். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுவே மேலுறையாயிற்று. 1866இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நிலைத்த கம்பிக்கும் அதுவே உறை. அந்தக் காலத்திலேயே சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடல் கம்பியால் இணைக்கப்பட்டன.

நாம் மரத்தை வாழவைத்துப் பால் எடுக்கிறோம். அந்த மரத்தையோ வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்தது கொஞ்சம். உலகத்துக்குத் தேவைப்பட்டது ஏராளம். ஆகவே காடு காடாக மரங்கள் விழுந்தன. உலகம் பேசிக்கொள்வதற்கு மலாயாக் காடு விலை கொடுத்தது. அந்தக் காட்டில் கோடரி பிடித்தவனுக்கு அதனால் கிடைத்த சுகம் என்ன?

இன்னொரு கதையும் உண்டு. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்திலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. பிறகு பாதைகள் நீண்டன. மண்ணை வெட்டிச் சமன் செய்யவும், சிலிப்பர் கட்டை சுமக்கவும், பாதையைப் பழுது பார்க்கவும் நம்மவர்கள் வந்தார்கள். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தது. ரயில் பெட்டிகள் நின்ற அந்தக் களத்தில்தான் 2001 முதல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. தண்டவாளத்தின் ஓரமாகக் கண்ணாடி இழைக் கம்பி பதித்து நடத்துவதற்கென்றே 1992இல் பைபரேயில் என்னும் நிறுவனம் அமைந்தது. ஆக, தாத்தா வேர்வை சிந்திய பாதையின் ஓரமாகவே இன்று ஒளி ஓடுகிறது. பேரன் மட்டும் கோயில் மேடையில் உட்கார்ந்து இரண்டு கோட்டுக்குக் காத்திருக்கிறான்!

முதலில் வெளிச்சம் வந்த இடங்கள்

2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக அகன்ற அலைவரிசைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. திட்டச் செலவு 1,130 கோடி வெள்ளி. அதில் 240 கோடி வெள்ளி அரசாங்கத்தின் பங்கு. அரசாங்கத்தின் பங்கு என்றால் என்ன? அது மக்களின் பணம். நாம் கடையில் வாங்கும் சாமானிலும் செலுத்தும் வரியிலும் சேர்ந்த பணம்.

2010 மார்ச்சில் 'யுனிபை' என்ற பெயரில் சேவை தொடங்கியது. முதலில் கிடைத்த இடங்கள் நான்கு: பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம். இந்தப் பெயர்களை ஒருமுறை நிறுத்தி வாசியுங்கள். பங்சார் என்ற பெயரே அங்கு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த பஞ்சே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்து உண்டானது. சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. ஷா ஆலம் நகரமும் தோட்ட நிலத்தில்தான் எழுந்தது. அந்த மண்ணில் காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவர்கள் யார்? காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்தவர்கள் யார்? நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அல்லவா?

அங்கே மரம் சாய்ந்தது. தொழிலாளி வெளியேறினான். பிறகு கட்டடம் வந்தது, கம்பியும் வந்தது. அந்நகர மக்களுக்குக் கிடைத்ததைப் பற்றி நமக்குப் பொறாமையில்லை. அவர்களும் உழைப்பவர்களே. நம் கேள்வி வேறு. தோட்டம் நகரமானால்தான் வெளிச்சம், தோட்டம் தோட்டமாக இருக்கும்வரை இருட்டு என்பது எழுதாத சட்டமா?

2019இல் ஐந்தாண்டுகளுக்கு 2,160 கோடி வெள்ளி மதிப்பில் தேசியக் கண்ணாடி இழைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கொரோனாத் தொற்று வந்து, 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்து, பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. அப்போதுதான் எந்த வீட்டில் இணையம் உண்டு, எந்த வீட்டில் இல்லை என்பது நாடு முழுமைக்கும் வெட்டவெளிச்சமாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'ஜெண்டெலா' திட்டம் வந்தது. 2022 முடிவுக்குள் 75 லட்சம் கட்டடங்களைக் கம்பி தொடவேண்டும் என்பது இலக்கு. இலக்கை எட்டிவிட்டதாகவும் அறிவித்தார்கள்.

நல்லது. பாராட்டுகிறோம். ஆனால் இந்தக் கணக்கின் பொருளை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பி தொட்டது என்றால் வீட்டுக்குள் இணையம் எரிகிறது என்று பொருளன்று. வீட்டுக்கருகே கம்பி போயிருக்கிறது, கேட்டால் இணைப்புக் கொடுக்கலாம் என்றே பொருள். அப்படிக் கேட்டால் கொடுக்கக்கூடிய தூரத்தில் எத்தனை லயங்கள் இருக்கின்றன? இதற்கு விடை சொல்லும் கணக்கு நம் கையில் இருக்கவேண்டும்.

வர முடியாதா?

"தோட்டம் தூரம், கம்பி வராது" என்று சிலர் சொல்லுகிறார்கள். அது உண்மையா என்று பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. செக்ரோல் எழுதத் தெரிந்த கிராணியாருக்கும் மங்கில் பால் அளவு பார்க்கத் தெரிந்த தொழிலாளிக்கும் புரியக்கூடிய கணக்குத்தான்.

1966இல் இங்கிலாந்தில் ஹார்லோ என்ற ஊரில் வேலை பார்த்த சார்ல்ஸ் காவ் என்ற சீன அறிஞர், கண்ணாடியைத் தூய்மையாகச் செய்தால் அதன் வழியே ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று தம் தோழர் ஹாக்கமுடன் சேர்ந்து எழுதினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்ணாடி இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளே ஒளி ஓடும் நடுக்குழல் அதிலும் மிகச் சிறியது. ஒளி அதற்குள் பக்கச் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி முன்னே போகிறது. இழையைச் சடக்கென்று மடித்தால் ஒளி சிந்திவிடும். உளி அளவுக்கு மீறி ஆழமாகப் போனால் மரம் காயப்படுகிறதல்லவா? இங்கும் கைப்பக்குவம் வேண்டும்.

தொலைபேசி நிலையத்திலிருந்து ஒரு தடித்த கம்பி புறப்படுகிறது. சாலையோரத்து இரும்புப் பெட்டிக்கு வருகிறது. அங்கே ஓர் இழையின் ஒளி, பிரிப்பான் என்னும் சிறு கருவியால் பல கிளையாகப் பிரிக்கப்படுகிறது. வழக்கமாக 32 வீட்டுக்கு ஓர் இழை போதும். அங்கிருந்து கம்பத்தின் மேலோ குழாயின் உள்ளோ போய் வீட்டை அடைகிறது. வழியில் மின்சாரம் வேண்டியதில்லை.

இப்போது நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். பரவலாக வழங்கும் ஒரு வகைக் கருவியில் ஒளி 28 டெசிபல் வரை இழக்கலாம். அதற்கு மேல் போனால் வேலை செய்யாது. 32 கிளையாகப் பிரிப்பதில் ஏறக்குறைய 17 போய்விடும். இழை ஒரு கிலோமீட்டர் ஓடினால் போவது ஏறக்குறைய 0.35. பத்து கிலோமீட்டருக்கு 3.5. இணைப்புகளிலும் ஒட்டுகளிலும் இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 23. இன்னும் ஐந்து கையில் மீதி! கோலாலம்பூர், கிள்ளான், காப்பார், பந்திங் என்று தொலைபேசி நிலையங்கள் நெருங்கியிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், பத்து கிலோமீட்டருக்குள் அடங்காத தோட்டங்கள் எத்தனை இருக்கும்?

ஒளிக்குத் தூரம் தடையன்று. அப்படியானால் தடை எது? செலவு. சாலையைத் தோண்டுவதும் குழாய் பதிப்பதும் மண்ணை மூடிச் செப்பனிடுவதுமே பெருஞ்செலவு. கண்ணாடி அவ்வளவு விலையன்று. லயத்துக்கோ தோண்டாமலே போகலாம். மின்சாரக் கம்பம் ஏற்கெனவே லயத்து வாசல் வரை வந்து நிற்கிறது. விளக்கு எரியும் இடத்துக்கு இழை வரமுடியாது என்று எப்படிச் சொல்வது? இருபது கதவுள்ள ஒரு லயத்துக்கு ஒரே ஒரு பிரிப்பான் போதுமே!

கைப்பேசிக் கோபுரம் இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்பார்கள். கோபுரத்தின் காற்றலையைச் சுற்றிலும் உள்ள எல்லாருமே பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் திறந்தால் ஆளுக்குக் கிடைப்பது குறைகிறது. செம்பனைத் தோப்பும் மேடும் மறைத்தால் இன்னும் குறைகிறது. அந்தக் கோபுரமும் நன்றாக வேலை செய்ய அதன் காலடிக்குக் கண்ணாடி இழைதான் வரவேண்டும். ஆகவே எந்த வழியில் போனாலும் இழை தோட்டத்துக்குள் வந்தே தீரவேண்டும்.

வரவிடவில்லையா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நகரத்தில் வீடு வாங்கியவன் தன் பெயரில் விண்ணப்பம் போடுகிறான். அவன் வீட்டுக்கு எண் உண்டு, தெருப் பெயர் உண்டு. லயத்து வீட்டுக்கு? கடிதம் இன்னும் தோட்ட அலுவலக முகவரிக்கே வருகிறது. நிலம் நிர்வாகத்தினுடையது. வீடு நிர்வாகத்தினுடையது. நிலத்தின் வழியே கம்பி கொண்டுபோக அனுமதி தரவேண்டியவரும் நிர்வாகமே. குடியிருப்பவனுக்கு அதில் சொல்லே இல்லை. திட்டம் போடும் பொறியாளர் வரைபடத்தைப் பார்க்கிறார். நூறு குடும்பம் வாழும் இடம் அவர் கண்ணுக்கு ஒரே நிலச் சொந்தக்காரரின் ஒரே துண்டு நிலமாகத் தெரிகிறது. பக்கத்துத் தாமானில் நூறு சொந்தக்காரர், நூறு விண்ணப்பம். அவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லவும் வேண்டுமோ?

தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1966இல் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதனிடத்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019இல் அதுவும் திருத்தப்பட்டது. குழாய்த் தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் என்று முதலாளியின் கடமைகள் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. ஒரு காலத்தில் கிணற்றடியில் வரிசை நின்றோம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். "லயத்துக்கு மின்சாரம் எதற்கு?" என்று கேட்டவர்களும் அந்நாளில் இருந்தார்கள். சங்கம் கேட்டது, சட்டம் வந்தது, விளக்கு எரிந்தது. அந்தப் பட்டியலில் இணையம் என்ற சொல் இல்லை. தண்ணீர், மின்சாரத்துக்கு அடுத்த பொதுத் தேவையாகத் தொலைத்தொடர்பைக் கருதவேண்டும் என்று ஜெண்டெலாத் திட்டத்தில் அரசாங்கமே வற்புறுத்தியது. புதிதாகக் கட்டும் மாடி வீட்டுக்கு அந்த நீதி என்றால், பழைய லயத்துக்கு மட்டும் வேறு நீதியா?

"லயம் இன்னும் எத்தனை நாள்? நிலம் நாளை விற்கப்படலாம். இதற்குப் போய்க் கம்பி எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. இந்தப் பேச்சை நாம் பல ஆண்டுகளாகக் கேட்கிறோம். கூரை ஒழுகினால், இதே பேச்சு. சாக்கடை அடைத்தால், இதே பேச்சு. கம்பத்தின் மேல் போகும் கம்பியைத் தேவைப்பட்டால் கழற்றி வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்பைக் கழற்றிப் பிறகு மாட்ட முடியுமா? மேலும், நிலம் விற்கப்பட்டு நாம் வெளியே போகும் நாளில் பிள்ளைக்கு வேறு தொழில் தெரிந்திருக்க வேண்டாமா? லயம் நிலையில்லாதது என்பதே இணையம் வேண்டுமென்பதற்கு முதற் காரணம்.

பணத்துக்கும் வழியுண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருமானத்தில், சட்டம் வகுத்த கணக்குப்படி, நூற்றுக்கு ஆறு வீதம் பொதுச் சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. வசதி எட்டாத இடங்களுக்கு வசதி செய்வதற்கென்றே ஏற்பட்ட நிதி அது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. எட்டாத இடம் என்றால் சரவாக் மலையும் சபா ஆற்றோரமும் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுக்கும் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. மாநகரத்து மாடங்கள் தெரியும் தூரத்தில் இருந்துகொண்டே எட்டாத இடமாகக் கிடக்கும் லயங்களும் அதே கணக்கில் சேரவேண்டும்.

வேறு நாடுகளைப் பாருங்கள். இந்தியாவில் 2011இல் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. இப்போது அதற்குப் பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பதற்கென்று தனி அரசு நிறுவனமே உண்டு. கேரளத்தில் மின்சார வாரியத்தின் கம்பங்களைப் பயன்படுத்தியே இழை கட்டி 2023 ஜூனில் கே-போன் சேவையைத் தொடங்கினார்கள். இணையம் மக்களின் உரிமை என்று சொல்லி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று திட்டம் வகுத்தார்கள். அங்கும் தாமதம் உண்டு, குறை உண்டு. ஆனால் ஏழையின் வீடு வரைபடத்தில் இடம் பெற்றது. நாம் கேட்பதும் அந்த இடத்தையே.

நாம் கேட்டோமா?

மூன்றாவது கேள்வி நம்மையே குத்தும் கேள்வி. சம்பளத்துக்குக் கேட்டோம், போனசுக்குக் கேட்டோம், மருந்துக்குக் கேட்டோம். கம்பிக்குக் கேட்டோமா? எத்தனை கிளைக் கூட்டங்களில் இது தீர்மானமாக வந்தது? "அது பெரிய இடத்து விஷயம்" என்று நாமே ஒதுங்கிவிட்டோம். இந்தத் தயக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

இங்கேதான் கிராணிமார் தோழர்களின் துணை தேவை. தொழிலாளிக்கும் கிராணிக்கும் இடையே ஒரு காலத்தில் சுவர் இருந்தது. இன்று இருவர் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ஒரே தேர்வை எழுதுகிறார்கள். தோட்டத்து வரைபடமும் வீட்டுக் கணக்கும் கிராணியார் கையில் உள்ளன. எத்தனை லயம், எத்தனை கதவு, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், மின்கம்பம் எங்கெங்கே நிற்கிறது, பெரிய சாலையிலிருந்து தூரம் எவ்வளவு, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்தத் தாள் இல்லாமல் ஆணையத்திடம் போனால், அது வெறும் அழுகை. தாளோடு போனால், அது கோரிக்கை.

மாதச் செலவையும் மறைக்காமல் பேசுவோம். வீட்டு இணைப்புக்கு மாதம் நூறு வெள்ளிக்கு முன்னும் பின்னும் ஆகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பதினேழில் ஒரு பங்கு கம்பிக்கே போனால், அடுப்பு எப்படி எரியும்? ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் என்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. முதலில் தோட்டத்து மண்டபத்துக்கு ஓர் இணைப்பு வரட்டும். நிர்வாகமும் சங்கக் கிளையும் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். மாலையில் பிள்ளைகள் வெளிச்சத்தில், நாற்காலியில், பெரியவர் ஒருவர் கண்காணிக்கப் படிக்கட்டும். அதன் பிறகு லயத்துக் கம்பத்தில் பெட்டி வைத்துவிட்டால், வேண்டுகிற குடும்பம் வேண்டும்போது இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கம்பி நல்லதையும் கொண்டுவரும், கெட்டதையும் கொண்டுவரும். அன்று கள்ளுக்கடை சம்பளத்தை விழுங்கியது. இன்று கைப்பேசிச் சூதாட்டமும், உடனடிக் கடன் என்று வலை விரிக்கும் மோசடிக்காரரும் அதே சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள். கம்பி கேட்கும் நாம், வீட்டில் ஒழுங்கையும் கேட்கவேண்டும். கள்ளுக்குப் பயந்து யாரும் தண்ணீர்க் குழாயை வேண்டாமென்று சொன்னதில்லை. அதுபோலவே இதற்கும் பயந்து ஒதுங்கிவிடலாகாது.

பள்ளம் தோண்டுகிறவனை மறவாதீர்!

கம்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதைப் பதிக்கிறவனைப் பற்றிப் பேசுவதில்லை. நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்? நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் பள்ளம் வெட்டுகிறவன் ஒப்பந்தக்காரருக்கும் கீழே உள்ள ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறான். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. நம் முன்னோர் கப்பலேறி வந்ததைப் போலவே அவனும் கடன்பட்டு வந்திருக்கிறான். அவன் வேறு, நாம் வேறு அல்லோம்.

ஆழமான பள்ளத்துக்குப் பக்கச் சுவர் தாங்கு கட்டாமல் ஆளை இறக்குவது கொலைக்குச் சமம். நிலத்தடிக் கிடங்குக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்கினால், மூச்சு முட்டிச் சாகலாம். ஒருவனைக் காப்பாற்ற இறங்கிய மற்றவனும் சேர்ந்தே சாகலாம். எரியும் இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கண்ணைக் கெடுக்கும். உடைந்த கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால், தேடி எடுப்பதும் கடினம். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் முதல் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. பள்ளத்தின் கரையில் நிற்கவேண்டும்.

இழையை ஒட்டும் வேலை கைத்தேர்ச்சி வேலை. இரண்டு முனையையும் சுத்தமாக வெட்டி, இயந்திரத்தில் நேராக வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டி, ஒளிச் சோதனைக் கருவியால் எந்தத் தூரத்தில் குறை என்று கண்டுபிடிக்க வேண்டும். இருட்டிலும் மரத்தின் பட்டையில் மயிரிழை தவறாமல் உளி பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கைப்பக்குவம் வராதா? வரும். பயிற்சிதான் வேண்டும். தோட்டத்துக்குள் கம்பி வரும்போது, தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்குப் பயிற்சியும் வேலையும் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்வோம். தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்களையும் இதில் துணைக்கு அழைப்போம்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: கம்பித் திட்டக் கணக்கில் லயத்தின் ஒவ்வொரு கதவும் ஒரு வீடாக எண்ணப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணும் முகவரியும் வேண்டும்.

இரண்டு: தோட்ட நிர்வாகங்கள் தம் நிலத்தின் வழியே லயத்துக்குக் கம்பி போக, கட்டணம் கேட்காமல் அனுமதி தரவேண்டும்.

மூன்று: 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வசதிப் பட்டியலில் தண்ணீர், மின்சாரத்தோடு இணையமும் சேரவேண்டும்.

நான்கு: பொதுச் சேவை நிதியிலிருந்து தோட்டத்து மண்டபங்களுக்கும் லயங்களுக்கும் பங்கு ஒதுக்கவேண்டும்.

ஐந்து: கம்பி பதிக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பும், தோட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இவை ஐந்தும் சலுகையல்ல, உரிமை.

தோழர்களே! கடலடியில் ஓடிய முதல் தந்திக் கம்பிகளுக்கு இந்த நாட்டு மரத்தின் பால் உறையாயிற்று. தண்டவாளத்துக்கு நம் முன்னோரின் தோள் தாங்கலாயிற்று. முதல் வெளிச்சம் வந்த நகரங்களுக்கு நம் நிரைகள் நிலமாயின. இவ்வளவும் கொடுத்த கைகள் இன்று கேட்பது என்ன? பள்ளிப் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கண்ணாடி!

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அந்த ஒரு தாளை எழுதி முடியுங்கள். முனீஸ்வரன் கோயில் மேடை சாமி கும்பிடுவதற்கு இருக்கட்டும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும்!